என் பிள்ளைமேல் ஒரு புகார்

மச்சான்,

மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். கடைச் சாவி ஃப்ரிட்ஜ் மேல். நான் ஹம்தானின் பள்ளிக்குப் போகிறேன்.

திக்கிப் பேசும் பையன் சுபீரை நம் பிள்ளைதான் பாத்ரூமில் பூட்டிவைத்து, திக்காமல் பெயரைச் சொன்னால்தான் திறப்பேன் என்றிருக்கிறான். பிரின்சிபால் இருவரையும் கைகுலுக்க வைத்து முடித்துவிட்டார். நீங்களும் "ஆம்பளப் புள்ளன்னா அப்படித்தான், விடு" என்றீர்கள்.

இன்று காலை பத்துபஸ்தி கடைத்தெருவில் சுபீரின் அம்மாவைப் பார்த்தேன். "அப் தோ கர் மே பீ நஹீ போல்தா" என்று அழுதார். வீட்டில்கூட அவன் பேசுவதில்லையாம்.

முறையாக விசாரியுங்கள், வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமும் பேசுங்கள், என் மகனைச் சும்மா விடாதீர்கள் என்று பள்ளியில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். இப்போது தடுக்காவிட்டால் அவனுக்கு இதுவே பழகிவிடும். குடும்ப மானம் போகும் என்பீர்கள். போகட்டும்.

மெஹருன்னிசா

இதையும் படித்துவிடுங்கள். ஏன்டா செய்தாய் என்று நேற்று அவனிடம் கேட்டேன். "வாப்பா எல்லார் முன்னாடியும் ஒங்களக் கேலி பண்றப்ப நீங்க சிரிக்கிறீங்கல்ல உம்மா, அவனும் சிரிப்பான்னு நெனச்சேன்" என்றான்.

ஒருநாள்கூட எனக்குச் சிரிப்பு வந்ததில்லை, மச்சான்.