நட்சத்திரம் போட்ட பெட்டிசன்

மனோர் பார்க், லண்டன்
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள இம்மாகுலேற்றுக்கு,

மங்கலம் எழுதிக்கொள்வது. இஞ்ச நானும் மனுசனும் சுகம். கிளாஸ்கோ குளிர் உனக்கும் உன்ர மகன் சுஜீத்துக்கும் ஒத்துக்கொள்ள வேணும் எண்டும், ஒத்துக்கொள்ளாட்டி கெதியா இஞ்ச ஓடி வரவேணும் எண்டும் முருகனிட்டை இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறன். உன்ர மாதாவிட்டை நீயே கேள்.

போன் அடிச்சால் எடுக்கிறாயில்லை. அதுதான் கடிதம். கடிதத்தை நடுவில கட் பண்ண ஏலாது. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதை. நீ கொன்வென்ற்றில படிச்சனி. நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவள்.

நீ விட்டுப்போன கறிவேப்பிலைக் கண்டு உயிரோட இருக்கு. மனுசன் அதுக்குப் பக்கத்தில ஹீற்றர் போட்டுவிட்டு, இலையைத் தடவி, சுகமோ எண்டு கேக்கிறார். கலியாணம் கட்டின நாளில இருந்து என்னை ஒருக்காலும் அப்பிடிக் கேட்டதில்லை. நீ வந்து கண்டைத் திருப்பி எடுத்தால்தான் என்ர குடும்பம் தப்பும்.

சரி, விசயத்துக்கு வாறன். கோவிக்காதை. நீ இப்ப இருக்கிற ஸ்கொட்லாந்தில காத்துத் துவக்கு, அதுதான் எயார் கன், வைச்சிருக்கிறதெண்டால் பொலிசிட்டை லைசென்ஸ் எடுக்கவேணுமாம். இஞ்ச இங்கிலாந்தில பதினெட்டு வயசு தாண்டினால் காணும், கடையில வாங்கி வீட்டை கொண்டு வரலாமாம். ரீவி பார்க்கிறதுக்கே லைசென்ஸ் கேக்கிற நாட்டில, கண்ணைக் கெடுக்கிற சாமானுக்குக் கேக்கிறாங்களில்லை எண்டு நான் அன்பரசிக்குச் சொன்னன். உனக்கு அவவைத் தெரியும், வக்கீல் ஆபீசில வேலை செய்யிற மலேசியாக்காரி. இஞ்சயும் லைசென்ஸ் வேணும் எண்டு நாங்கள் பார்லிமெண்டுக்கு எழுதுற பெட்டிசனுக்கு மேல, அவ அதை அப்பிடியே இங்கிலீசில போட்டிட்டா. இனி நானும் ஒரு எழுத்தாளர்தான். மரியாதையாக் கதை.

வெள்ளிக்கிழமை கோயிலில சனம் கூடும் எண்டு, தாள்களையும் பேனையையும் அருச்சனை ரிக்கற் குடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில வைச்சன். அங்கதான் பிழைச்சுப்போச்சு. பேர், விலாசம், கையெழுத்து எண்டு அன்பரசி இங்கிலீசில கோடு போட்டுத் தந்தவ. எங்கட சனம் கோயிலில பேனையையும் கோட்டையும் கண்டால் என்ன எழுதும்? பேர், நட்சத்திரம், ராசி. ஒருத்தர் கனடாவில இருக்கிற மருமகளையும் சேர்த்துக் குடும்பம் முழுக்க எழுதிப்போட்டார். மேற்பார்வைக்கு நிண்ட நான், எல்லாக் கட்டமும் வடிவா நிரம்புது எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு நிண்டன்.

பிறகு ஐயர் அந்தத் தாள்களைத் தட்டோட தூக்கிக்கொண்டு போயிட்டார். முருகனுக்கு முன்னால ஒவ்வொரு பேரா வாசிச்சார். மேல இருந்த காத்துத் துவக்கு லைசென்ஸையும் விடாமல் ராகத்தோட வாசிச்சார். சனம் கன்னத்தில போட்டுக்கொண்டுது. நானும் போட்டன், வேறென்ன செய்யிறது.

பார்லிமெண்டில நட்சத்திரம் எடுபடாது, விலாசம் வேணும் எண்டு அன்பரசி தலையில கையை வைச்சிட்டா. முருகன் பாஸ் பண்ணிப்போட்டார், இனிப் பார்லிமெண்டுதானே மிச்சம் எண்டு நான் சொன்னன். அவ சிரிக்கேல்லை. அரை மணித்தியாலம் கழிச்சு பஸ்ஸுக்குள்ள சிரிச்சா.

இப்ப வீடு வீடா விலாசம் வாங்கித் திரியிறம். எந்த ரோகிணி எந்த ரோட்டில எண்டு கண்டுபிடிக்க எனக்கு ஸ்கொட்லாந்துயார்டில வேலை தரலாம். போற வீடெல்லாம் தேத்தண்ணி. போற வீடெல்லாம் ஒரே கேள்வி, ஆரின்ர பிள்ளைக்கு நடந்தது எண்டு. ஒரு பிள்ளைக்கு எண்டு மட்டும் சொல்லுறன். என்ர பிள்ளையைக் காட்சிப்பொருள் ஆக்காதையுங்கோ எண்டு நீ கிளாஸ்கோவுக்கு ரயில் ஏறேக்கை ஸ்ரேசனில வைச்சுச் சொன்னது மறக்கேல்லை. பாதிச் சனத்துக்குத் தெரியும்தான், ஆனால் என்ர வாயால வரேல்லை. என்ர வாயை உனக்குத் தெரியும். இது எவ்வளவு பெரிய விரதம் எண்டு யோசி.

முதல் தடவையிலேயே தாளைச் சரியா நிரப்பினது ஒரே ஒரு ஆள்தான். ஆர் எண்டு சொல்லமுதல் நீ இருந்துகொள்.

துசியந்தி. ஓம், உன்ர பின்வேலிக்கு அங்கால வீட்டுத் துசியந்திதான். மற்றக் கதை உனக்குச் சொல்லத் தேவையில்லை. பூசணியைக் கொறிக்கிற அணிலுக்கெண்டு அவவின்ர மனுசன் வாங்கின துவக்கு, அவவின்ர பெடியன்ர கை, வேலிக்கு இஞ்சால உன்ர பிள்ளையின்ர கண். அதுக்குப் பிறகு அவ கோயிலுக்கே வரேல்லை. அண்டைக்கு மழையில நனைஞ்சு வந்து, வரிசையில நிண்டு, புதுத் தாள் ஒண்டு எடுத்தா. இம்மா எழுதிப்போட்டாவோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். முதல் வரியை வெறுமையா விட்டிட்டு, இரண்டாம் வரியில எழுதினா. வீட்டு நம்பர், ரோட்டுப் பேர், போஸ்ட்கோட், எல்லாம் பெரிய எழுத்தில. அது எந்த வீடெண்டு பின்னால நிண்ட சனத்துக்குத் தெரியும். அது தெரிஞ்சுதான் எழுதினா. நட்சத்திரம் இல்லாத தாளைக் கண்டு ஐயர் கொஞ்சம் திணறி, அந்த விலாசத்தை அப்பிடியே முருகனுக்குச் சொன்னார். அதுக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரேல்லை.

இன்னுமொண்டு. சுஜீத் தம்பி உனக்குத் தெரியாமல் எனக்கு மெசேஜ் போட்டவன். காட்டிக்குடுக்கிறதுக்கு மன்னிக்கச் சொல்லு. கேரம் அடிக்கேக்கை குறி பார்க்க ஒரு கண்ணை மூடுறனான் அன்ரி, இப்ப அந்த வேலை மிச்சம் எண்டு எழுதியிருந்தான். வெங்காயம் வெட்டின மாதிரி நிண்டன். பிறகு, அலாப்பி, கள்ள ஆட்டம் ஆடி வெல்லுற ஆளுக்குக் கண் எதுக்கு எண்டு திருப்பி எழுதினன். அவன் ஒளியிறானில்லை, இம்மா. நீதான் அவனை ஒளிக்கிறாய்.

மாதக் கடைசியில எம்பியிட்டை எல்லாத் தாளையும் குடுக்கிறம். துசியந்தியின்ர தாளைத் தபாலில அனுப்பமாட்டன், துலைஞ்சுபோகும். கையெழுத்துப் போடுறதெண்டால் இஞ்ச வந்துதான் போடவேணும். அந்த வெறும் முதல் வரியில எழுத ஒருத்தர் குனிஞ்சார், பேனையைப் பறிச்சுப்போட்டன். போட மனமில்லாட்டியும் வா. வெறும் வரியோடையே குடுப்பம். துசியந்தியோட கதைக்கச் சொல்லி நான் கேக்கேல்லை. தேத்தண்ணி மட்டும் மூண்டு கோப்பையில ஊத்துவன்.

என்ர முருகனும் உன்ர மாதாவும் சேர்ந்து உங்கள் இரண்டுபேரையும் யூஸ்ரன் ஸ்ரேசன் வரைக்கும் பத்திரமாக் கொண்டுவந்து விடட்டும். அங்கையிருந்து நான் கூட்டிக்கொண்டு வாறன்.

இப்படிக்கு,
முதல் வரிக்குக் காவல் நிக்கிற
மங்கலம்