நல்ல தண்ணீர்க் குழாய்

என் செல்ல மகளுக்கு,

அம்மாவின் அன்பு. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? ஏழாம் மாதத்தில் கால் வீங்குவது எல்லாருக்கும் உள்ளதுதான், பயப்படாதே. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

சாய ஆலை நம் தண்ணீரைக் கெடுப்பதாகக் கொடுத்த புகாருக்கு விசாரணை நடந்தது. தெருவே கூடி உன் அப்பாவைத்தான் பேசச் சொன்னது. தையல் கடையைப் பூட்டிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அந்த மனிதர் சட்டைக்கு அப்படி இஸ்திரி போட்டதில்லை.

தெருவில் எத்தனை குழாய் என்று அதிகாரி முதலில் கேட்டார். "ரெண்டுங்க. ஒண்ணு உப்புத் தண்ணி, இன்னொண்ணு நல்ல தண்ணி" என்று சொல்லிவிட்டார் அப்பா. நம் வாயில் வேறு என்ன வரும்? குடிக்கிற தண்ணீருக்கு நமக்குத் தெரிந்த பெயரே அதுதானே. ஆலையின் வக்கீல் சட்டென்று எழுந்து, "அவரே நல்ல தண்ணின்னு சொல்றார், பதிவு பண்ணிக்குங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா பாட்டிலில் கொண்டுபோன மஞ்சள் தண்ணீரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. புகாரைத் தள்ளிவிட்டார்கள்.

தெருவில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவரை அரிக்கிறது. கடையை இன்னும் திறக்கவில்லை. நேற்று சாப்பிட உட்கார்ந்தவர், "என் வாயாலயே கெடுத்துட்டேனே" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அந்த வக்கீல் வீட்டுக் குழாயிலும் இதே தண்ணீர் வரட்டும் என்று சபித்தேன். அங்கேயும் பிள்ளைகள் இருக்குமே என்று பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

மேல்முறையீட்டுக்குப் பெண்கள் நாங்கள் போகிறோம். நான்தான் பேசப் போகிறேன். எவன் என்ன கேட்டாலும் குழாயைக் குழாய் என்று மட்டும் சொல்வேன்.

இப்போது உன் விஷயம். பிரசவத்துக்கு இங்கே வருவதாகச் சொல்லியிருந்தாய். பக்கத்து வீட்டு மருமகளுக்கு மறுபடியும் கலைந்துவிட்டது. எதிர்வீட்டு நர்ஸ், "வயித்துல பிள்ளையோட யாரும் இந்தத் தெருவுல இருக்காதீங்க" என்று வெளிப்படையாகவே சொல்கிறாள். கேன் தண்ணீர் வாங்கலாமே என்பாய். குடிக்க வாங்கலாம். பிறந்த பிள்ளையை எதில் குளிப்பாட்டுவது?

வராதே கண்ணு. பெற்றவளே இப்படி எழுதும்படி ஆகிவிட்டது. உன் அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறார் அப்பா. அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

தாயும் பிள்ளையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். பிறந்ததும் போன் செய். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை அழுகிற சத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் அப்பா காதில் விழ விடு.

உன் வரவுக்கு ஏங்கும்,
அம்மா