உன் டம்ளர் கசாயம்

ஏற்காடு,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புத் தங்கை பிரிஸ்கில்லாவுக்கு,

உனக்குக் கொஞ்ச நேரம் முன்னால் பிறந்த உரிமையில் அக்கா ட்ருசில்லா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். நீ போனை எடுத்தால்தானே நாங்கள் நலமாக இருப்போம்!

ஓசூரில் உன்னோடு தங்கியிருக்கும் தீபிகா செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாள். மாத்திரையால் முகம் உப்பிவிட்டது என்று அதை நிறுத்திவிட்டாயாம். மறுபடி மூட்டெல்லாம் வீங்கி, எழுந்து நிற்கக்கூட முடியவில்லையாம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கும் போனுக்கும் நடக்கிறேன், அது அடிப்பிடித்துவிடுகிறது. போனை எடுத்தாலும், திட்டினால் கட் பண்ணிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வீட்டில் தினமும் சண்டை. உன் நோய்க்கு லூபஸ் என்ற பேரைக் கேட்டதிலிருந்து அப்பா, "எல்லாம் உங்கம்மா ஊட்டு ரத்தம்" என்கிறார். அம்மாவின் சித்திக்கும் உன்னைப் போலவே கன்னம் சிவந்திருந்ததாம். அம்மா விடுவாளா? "அதே ரத்தந்தானுங்க இவளுக்கும்? மலையை உட்டு எறங்கி அந்த ஓசூர்ப் பொகையில நின்னதுதான்" என்று என்னைப் பிடித்து முன்னால் நிறுத்துகிறாள். எனக்குக் கண்ணாடி பார்க்கவே பயமாக இருக்கிறதடி. காலையில் கன்னம் லேசாகச் சிவந்திருந்தால், குளிருக்கா, இல்லை அதுவேதானா என்று தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறேன்.

அம்மாவுக்கு உன் நோய் இன்னும் விளங்கவில்லை. கொரோனா சமயத்தில் கேட்டுப் பழகிய 'எதிர்ப்பு சக்தி' ஒன்றுதான் தெரியும். அது உனக்குக் குறைந்துவிட்டது என்று மிளகும் தூதுவளையும் போட்டுக் கசாயம் வைக்கிறாள். நீதான் இங்கே இல்லையே, குடிப்பது யார்? நான்தான்! நம் வீட்டு வழக்கம் மறந்துவிட்டதா? ரெட்டைப் பிள்ளையில் ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து ரெண்டுக்கும். நான் குடித்துக் காட்டினால்தான் நீ வாயைத் திறப்பாய். இப்போது உன் டம்ளரையும் நானே குடிக்கிறேன்.

தீபிகா பேசிய மறுநாளே சேலத்துக்கு இறங்கி, உனக்கு முதலில் வைத்தியம் பார்த்த டாக்டரிடம் போனேன். உள்ளே நுழைந்ததும், "என்னம்மா பிரிஸ்கில்லா, முகம் நல்லாத் தெளிஞ்சிருச்சே" என்று சந்தோஷப்பட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விவரம் சொன்னதும் உட்காரவைத்துப் பேசினார். உனக்கு எதிர்ப்பு சக்தி குறையவில்லையாம். அது ஆள் தெரியாமல் உன்னையே அடிக்கிறதாம். நான் செய்த சேட்டைக்குக் கணக்கு டீச்சர் உன்னைப் போட்டு அடிப்பாரே, அதுதான் ஞாபகம் வந்தது. அந்த அடியைத் தடுக்கத்தான் மாத்திரை. நீயாக நிறுத்தினால் சிறுநீரகம் வரைக்கும் போய்விடும், உடனே ஓசூர் டாக்டரைப் பார்க்கச் சொல் என்றார். தீபிகாவிடம் அன்றே சொல்லிவிட்டேன், நீதான் அசையவில்லையாம். அளவைக் குறைக்கக் குறைக்க முகம் வடிந்துவிடுமாம்.

காரணம் நம் ரத்தமா, ஓசூரா என்றும் கேட்டேன். பிறப்பில் வந்ததும் உண்டு, வெயில், புகை, தொற்று என்று வழியில் சேர்ந்ததும் உண்டு, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தன்னால் முடியாது என்றார். எனக்கும் வந்தே தீரும் என்றில்லையாம். வராது என்றும் சொல்லவில்லை.

பிறகு ஒன்று கேட்டேன், சிரிக்காதே. அதே மாத்திரையை எனக்கும் எழுதிக் கொடுங்கள், நான் போட்டால் அவளும் போடுவாள் என்றேன். நல்ல திட்டு வாங்கினேன். நோயில்லாத உடம்புக்கு அது கெடுதல் என்று அனுப்பிவிட்டார். மலையேறும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

உனக்கு முன்னால் நான் குடித்துக் காட்ட முடியாத மருந்து இது ஒன்றுதான், பிரிஸ்கி. கடிதம் கிடைத்ததுமே தீபிகாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போ. முகம் எப்படி உப்பியிருந்தாலும் வீடியோவில் வா. எனக்கும் ஒருநாள் அது வந்தால், பயப்படாமல் வாயைத் திறக்க, முன்னால் குடித்துக் காட்டியவள் ஒருத்தி எனக்கு வேண்டும். இந்த ஒரு தடவை நீ முதலில் போடு, கண்ணு.

நம் ரெண்டு பேரையும் மாதா காப்பாற்றட்டும்.

உன்
ட்ருசில்லா