மாரி என்று பாடிய இடம்

ஒஸ்லோ
2024 யூன் 3

அன்பு பிரேமினிக்கு,

சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன். மாதாவைக் கடலின் விண்மீனே என்று வாழ்த்தும் அந்தப் பழைய லத்தீன் கீதத்துக்கு நான் அமைத்த இரண்டாவது இசை இத்துடன் வருகிறது. முதலாவதை இங்கே பெரிய குழு ஒன்று பாடியது. ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, பிழையுமில்லை உயிருமில்லை என்று எழுதினீர். கோபம் வந்தது. பிறகு சரியென்று பட்டது.

இதைப் பள்ளிமுனைக் கோயில் பாடகர்களிடம் கொடுத்துப் பாரும். உருப்படியாக ஒன்று எழுதாமல் உமது முகத்தில் முழிப்பதில்லை என்று புறப்பட்டவன் நான். நல்லதென்று நீர் சொன்னால் ஊருக்கு வருவேன். இல்லாவிட்டால் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

றெஜிஸ்

மன்னார்
2024 யூலை 21

அன்புள்ள றெஜிஸ்,

நான் சுகம். சோளகக் காற்றில் வீடெல்லாம் மணல்.

கோயிலும் சங்கீதமும் தெரியாத, இரசாயனம் படிப்பிக்கிற ஒருத்தியை நீதிபதியாக்கியிருக்கிறீர்கள். குழுவை நடத்தும் துஷ்யந்தி லத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். கடலின் விண்மீன் என்கிற 'மாரிஸ் ஸ்தெல்லா' அவர்கள் வாயில் 'மாரி ஸ்தெல்லா' ஆகிவிட்டது. மாரியில் உங்கள் ஊர்க் கடல் எப்படியிருக்கும், இந்தப் பெண்கள் எப்படிக் கரையில் நின்று வள்ளங்களைப் பார்த்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் உரத்துப் பாடச் சொல்லியிருந்த இடத்தில் எல்லாருடைய குரலும் தானாகத் தணிந்தது. அது மழைக்காலம் இல்லை, கடல் என்று பொருள் என்றேன். துஷ்யந்தி சிரித்தாள்.

"எங்களுக்கு ரெண்டும் ஒண்டுதானே, மிஸ்."

மற்றதெல்லாம் கெட்டித்தனம். அந்தப் பிழையான இடத்தில் மட்டும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஒலிப்பதிவு அனுப்புகிறேன். திருத்தச் சொல்லவா?

ஊருக்கு வருவதற்கு நீங்கள் போட்ட நிபந்தனை எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

பிரேமினி

ஒஸ்லோ
2024 ஒக்ரோபர் 9

அன்பு பிரேமினிக்கு,

திருத்த வேண்டாம். துஷ்யந்தி சொன்னதுதான் சரி. இரண்டையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதாக எழுதியிருக்கிறேன். 'மாரி' என்று பெண்கள் தணிந்து நிற்பார்கள். அவர்கள் விட்ட 'ஸ்' ஆண்களுக்கு. அலை பின்வாங்கும்போது சிப்பிகள் அரைபடும் சத்தம்போல அதை நீட்ட வேண்டும்.

உமது தீர்ப்புக்குப் பயந்துகொண்டிருக்கிறேன்.

றெஜிஸ்

மன்னார்
2024 டிசம்பர் 14

அன்புள்ள றெஜிஸ்,

நேற்றுக் காலைப் பூசையில் பாடினார்கள். வெளியே நல்ல மழை. ஆண்கள் அந்த 'ஸ்'ஸை நீட்டியபோது எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் கடல்பக்கக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

இது நல்ல பாட்டு, றெஜிஸ். மிக நல்ல பாட்டு. அடுத்தவர்களின் பிழையைக் கேட்டு, அதைத் திருத்தாமல், அதைச் சுற்றி ஒரு பாட்டையே எழுதுவது எல்லாருக்கும் வராது. உங்களுக்கு வந்திருக்கிறது. நான் சந்தேகப்பட்டிருந்தேன்.

இனி மற்றது. நீங்கள் வருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த நிபந்தனை என்னிடம் கேட்காமல் நீங்களே போட்டது. முதலாவது பாட்டு உயிரில்லாமல் கிடந்தபோதே வந்திருக்கலாம்.

வரும் நாளை எழுதுங்கள். நாலாவதை இங்கே இருந்து எழுதலாம். மோசமாக வந்தால் மோசம் என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டுச் சோறு போடுவேன்.

பிரேமினி