கலீஜ் என்று சிவப்பில் எழுதியவளுக்கு

நேற்று எண்ணூரில் ஒரு மூடிக் கம்பெனிக்குக் கேமரா பொருத்தப் போயிருந்தேன். உள்ளே கால் வைத்ததுமே அந்த வாசனை. சோடா பாட்டில் மூடிக்குள் ஒட்டும் மெத்தை சூட்டில் வேகும்போது வருமே, பாதி ரப்பரும் பாதி தீய்ந்த பாலுமாக, அதேதான். உன் நினைவு வருவதற்கு முன்பே எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. செத்துப்போனவள் மேல் என்னம்மா கோபம் என்று உன் அம்மாகூடக் கேட்டுவிட்டார்.

திருவொற்றியூர் மூடிக் கம்பெனியில் நாம் வேலைக்குச் சேர்ந்தபோது, மூடியைச் சோதிக்கும் கேமராவைத் தொட எல்லோரும் பயந்தார்கள். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் படித்துவிட்டு வந்த நம் இருவர் தலையில் அதைக் கட்டினார்கள். பெல்ட்டில் மூடி ஓடிவரும். விளக்கு ஒரு மின்னு மின்னும், கேமரா படம் பிடிக்கும். மெத்தை இல்லாத மூடி என்றால் காற்றுக்குழாய் புஸ்ஸென்று ஊதிக் கீழே தள்ளும். இவ்வளவையும் ஆட்டிவைத்தது கம்ப்யூட்டரில் இருந்த சாஃப்ட்வேர். எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுவது, எந்தக் கறுப்பு வரைக்கும் மெத்தை, எங்கிருந்து வெறும் தகரம் என்று எல்லாவற்றையும் நாம் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். மத்தியானம் கூரை ஓட்டை வழியாக வெயில் இறங்கினால் படம் வெளுத்துப்போகும். உன் அப்பாவின் படகில் போர்த்தும் தார்ப்பாயில் ஒரு துண்டை வெட்டிவந்து கேமராவைச் சுற்றிக் கட்டினாய். வெளிச்சம் நின்றது, மீன் நாற்றம்தான் நிற்கவில்லை.

நல்ல மூடிக்கும் கெட்ட மூடிக்கும் பெயர் வைக்க அந்தச் சாஃப்ட்வேரில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஆங்கில எழுத்தில் என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம். நீ நல்லதுக்கு ‘ஜோர்’ என்றும் கெட்டதுக்கு ‘கலீஜ்’ என்றும் அடித்தாய். பச்சையில் ஜோர், சிவப்பில் கலீஜ். பேக்கிங்கில் இருந்த அக்காக்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அதுவரை கம்ப்யூட்டர் பக்கமே வராதவர்கள், “இன்னாமே, இன்னிக்கு கலீஜு ஜாஸ்தியா வந்துகினு கீது” என்று தாங்களாகவே வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தச் சொல்தான் ஒயர் வழியாக ஊதும் மெஷினுக்கும் போனது. கலீஜ் என்று வந்தால் ஊது, வேறு என்ன வந்தாலும் சும்மா இரு என்று அதற்கும் நாம்தான் எழுதிவைத்திருந்தோம். இந்த மெஷினுக்கு நம்ம ராயபுரம் பாஷை மட்டும்தான் தெரியும் என்று பெருமையடித்துக்கொண்டாய்.

கூல்டிரிங்ஸ் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்த அன்று மேனேஜர் திரையைப் பார்த்தார். “இது கம்பெனியா, மீன் மார்க்கெட்டா?” என்றார். உன் வீடு எது, உன் அப்பா என்ன தொழில் என்று தெரிந்துதான் கேட்டார். அந்த மாதம் உன்னை நிரந்தரமாக்க வேண்டும், அதற்குக் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவர்தான். அதனால் நீ வாயைத் திறக்கவில்லை. அவரே குனிந்து கலீஜை அழித்துவிட்டு ரிஜெக்ட் என்று அடித்தார். அப்போதுதான் நீ பதறினாய். ஊதுற மெஷின் அந்தப் பேரைத்தான் சார் படிக்குது, அங்கேயும் மாத்தணும் என்றாய். ஒரு வார்த்தைக்காக மெஷின் கோபித்துக்கொள்ளுமா என்று சிரித்தார். அதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

திரையில் ரிஜெக்ட், ரிஜெக்ட் என்று சிவப்பாக வந்தது. குழாய் ஊதவேயில்லை. மெத்தையில்லாத மூடிகள் ஜாம்ஜாமென்று நல்ல பெட்டியில் போய் விழுந்தன. வந்தவர்களில் ஒருவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மேனேஜர் கையில் வைத்தார். மேனேஜர் உன்னை ஓரமாகக் கூப்பிட்டுக் காதில் என்னவோ சொன்னார். நீ திரும்பி வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “தவறு என்னுடையதுதான். மன்னித்துவிடுங்கள் சார்” என்றாய். எங்கேயிருந்து வந்தது அந்தத் தமிழ்? நான், நீங்கள்தானே சார் மாற்றினீர்கள் என்று ஆரம்பித்தேன். நீ என் கையைக் கிள்ளினாய், நகம் பதிகிற மாதிரி.

பஸ் ஸ்டாப்பில் உன்னோடு சண்டை போட்டேன். நீ சலித்துக்கொண்டாய். “இன்னாடி சும்மா பேஜாரு பண்ணிகினு கீற? ஒத்துக்கோ, நான் பாத்துக்கிறேன்னு சொல்லிகீறாரு.”

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் தெரியுமே. மாதம் முடிந்ததும் உன்னை வரவேண்டாம் என்றார்கள். உன்னை விட்டால் லைன் ஓடாது என்று நான் அவர் அறையில் போய்க் கத்தினேன். லைன் ஓடத்தான் செய்தது. அவருக்குப் பதவி உயர்வும் வந்தது. நானும் அந்த வேலையை உதறிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த ஆள் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் சின்னது. அவர் அப்படித்தான். உன் மேல் இருப்பதுதான் ஆறவில்லை. ராயபுரத்தில் செல்போன் கடை வைத்தாயே, அங்கே வந்தவர்களிடம், அன்று மன்னிப்புக் கேட்ட அதே தமிழில் நீ பேசியதைக் கேட்டு எனக்கு எரிந்தது. உன் மகள் “இன்னாம்மா” என்று ஓடிவந்தபோது வாயில் அடித்தாய். “என்னன்னு சொல்லு. கலீஜா பேசாதே” என்றாய். நீ வைத்த பெயரை உன் குழந்தையின் பேச்சுக்கே சூட்டிவிட்டாய். அன்று நான் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். பிறகு காய்ச்சல், ஆஸ்பத்திரி, அவ்வளவு சீக்கிரம் எல்லாம் முடிந்தது. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாய். யாரோடு போட்டு முடிப்பேன் நான்?

நான் பொருத்துகிற கேமராக்களில் எல்லாம் உன் இரண்டு சொற்களைத்தான் அடிக்கிறேன். நேற்றும் அடித்தேன். அங்கே இருந்த அதிகாரி திரையைப் பார்த்து முகம் சுளித்தார். இது என்ன மேடம், பார்க்க நன்றாகவா இருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்றார். இப்போதைய சாஃப்ட்வேரில் திரையில் காட்டும் பெயர் வேறு, ஊதச் சொல்லும் சிக்னல் வேறு. மவுஸை இரண்டு தட்டுத் தட்டினால் மாறிவிடும், எதுவும் கெடாது.

“மாத்தினா ஊதாது சார்” என்றேன்.

அப்படியா, யார் வைத்த பெயர் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். உன் அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்தே சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே பெல்ட்டில் மெத்தையில்லாத மூடி ஒன்று வந்தது. திரையில் சிவப்பாக உன் சொல் வந்தது. குழாய் புஸ்ஸென்று ஊதியது.