அடைத்துவைத்த தேதிகள்

14 மார்ச், வெள்ளிக்கிழமை

எங்கள் கோயிலில் திதி கொடுக்கப் பதிவு செய்யும் இணையப் படிவம் நான் செய்தது. தேதிப் பெட்டியைத் தொட்டால் நாட்காட்டி விரியும். முன்பதிவுதானே என்று கடந்த நாள்களை அடைத்துவைத்தேன். இறந்த தேதிக்கும் அதே நாட்காட்டியைப் போட்டுவிட்டேன்.

இன்று ஆயர் ஈத்தாம் பகுதியில் இருக்கும் அக்கா ஒருவர் அதை நிரப்பியிருக்கிறார். கோயில் ஆபீஸிலிருந்து போன் போட்டு, "வீட்டுக்காரரு இன்னைக்கா தவறுனாரு?" என்று கேட்டார்களாம்.

"இல்ல லா, மூனு வருசமாச்சு. பழைய தேதிய அமுக்குனா விழல. இன்னைக்குத் தேதியத்தான் விட்டுச்சு," என்றாராம்.

மாலையில் சரிசெய்தேன். சோதித்துப் பார்க்கப் பழைய தேதி ஒன்று வேண்டும். வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. அப்பா தவறிய மாதம்வரை பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். எல்லா நாளும் திறந்துதான் இருந்தது. அந்த நாளைத் தொட எனக்குத்தான் விரல் வரவில்லை.