"சிஹாட், துவான்!"

செவ்வாய்க்கிழமை.

தைராய்டுக் குறைபாட்டுக்காக, ஓய்வுபெற்ற என் கணவருக்கு ராணுவம் பென்ஷனில் கொடுத்த ஊனச் சதவீதம் குறைவு என்று நாங்கள் போட்ட மேல்முறையீட்டுக்கு இன்று மருத்துவக் குழு கூப்பிட்டிருந்தது. சட்டைப் பொத்தான் போடவே இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தவர், அதிகாரியைக் கண்டதும் விறைப்பாக நின்றார். உடம்பு எப்படி என்று கேட்டதும், "சிஹாட், துவான்!" என்றார், நலம் ஐயா என்று மலாயில். நலம் என்றே எழுதிக்கொண்டார்கள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்றேன், பஸ்ஸில்.

"துவான் கேட்டா வேற என்னா சொல்றதுலா? சர்வீஸ் முழுக்க அதான சொன்னேன்."

காய்ச்சலோடு வரும் பிள்ளையும் பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன், டீச்சர்" என்றுதான் சொல்லும். மறுபடி மனுப் போடலாம். அடுத்த அதிகாரியும் அதைத்தானே முதலில் கேட்பார்?

சோறு போடும்போது, "எங்கிட்டயாவது மெய்யாச் சொல்லுங்க, உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

இந்தப் புழுக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.